கேட்டுல விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காதே

மார்ச் 4

செல்லக் குட்டிக்கு,

அக்கா எழுதறேன். முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன், இல்லன்னா நீ நடுவுல எதையும் படிக்காம கடைசிப் பக்கத்துக்குத் தாவிடுவே. வாண்டு நல்லா இருக்கான். சாப்பிட்டான், தூங்கினான், ஆய் சரியாப் போச்சு. போதுமா? இப்போ ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு நிதானமாப் படி.

மாப்பிள்ளை அவனைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போன கூத்தைச் சொல்லணும். பஸ் ஸ்டாண்டுலேருந்தே உன் பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடல. நான் பதினாறு வருஷமா நர்சரி கேட்டுல நின்னு பிள்ளைங்களைக் கையில வாங்கறவ. ஒரு கை முதுகுல, ஒரு கை தொடைக்குக் கீழ, சட்டுன்னு வாங்கித் திரும்பிடணும். விட்டுட்டுப் போறவங்க திரும்பிப் பார்க்கக் கூடாது. மாப்பிள்ளை மூணு தடவை பார்த்துட்டார். "எங்க நர்சரியா இருந்தா முதல்ல உங்களைத்தான் பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்"னு அதட்டினேன். பாவம், லிஃப்ட் மெக்கானிக்கு, எட்டாவது மாடியில கயிறு பிடிச்சுத் தொங்கற மனுஷன், என் வாசல் கேட்டைத் தாண்ட முடியாம நின்னார்.

மறுநாள் உங்க கீழ்வீட்டு டெய்லர் கடையிலேருந்து போன் பண்ணினார். வாண்டுகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசறேன்னார். கொடுத்தேன், என் புத்தியைச் சொல்லணும். அப்பா குரல் கேட்டதும் பிள்ளை ரிசீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மேஜைக்கு அடியில போய்த் தேடினான். அப்புறம் ஒரு மணி நேரம் அழுகை, குடிச்ச பால் அத்தனையும் வாந்தி.

அதனால கேட்டுக்கோ, இனி நர்சரி விதிதான். பிள்ளை பழகற வரைக்கும் பெத்தவங்க முகமும் காட்டக் கூடாது, குரலும் காட்டக் கூடாது. கேட்கக் கல்நெஞ்சு மாதிரி இருக்கும். ஆனா இது பலிக்காம நான் பார்த்ததில்ல. உனக்கும் அதுதான் நல்லது. நீ அழுதா வயிறு இறுகும், டாக்டரம்மா போட்ட தையல் தாங்காது. நீ உள்ளே இருக்கறதைப் பார்த்துக்கோ, வெளியே இருக்கறதை நான் பார்த்துக்கறேன்.

அத்தான் உன்னை விசாரிச்சார். வாண்டுக்காக வீட்டுல இருக்கற பிளக் பாயிண்டுக்கெல்லாம் மூடி போட்டுக்கிட்டு இருக்கார். இத்தனை வருஷமா ஒயர்மேன் வேலை பார்க்கறவர், சொந்த வீட்டு ஸ்விட்சைத் தொட்டது இப்பத்தான்.

ஆயிரம் முத்தத்தோட,
உன் அக்கா

மார்ச் 12

என் ஹெட்மாஸ்டர் அக்காவுக்கு,

உன் லெட்டரை எத்தனை தடவை படிச்சேன்னு சொன்னா நீ திட்டுவே. எனக்கு வேற வேலை என்ன சொல்லு. கட்டிலோட கால்மாட்டுல செங்கல் வெச்சு உயர்த்தியிருக்காங்க, தலை கீழே, கால் மேலே. பாத்ரூம் போக மட்டும் எழுந்திருக்கலாம். இருபதாவது வாரத்துலேயே கர்ப்பப்பை வாய் திறந்துக்கப் பார்த்துதாம், அதுக்குத்தான் இந்தத் தையலும் தண்டனையும். இவர் ஏழு மணிக்கு சமைச்சு வெச்சுட்டு வேலைக்குப் போயிடறார். சமையலைப் பத்திக் கேட்காதே. ஊர்ல எந்த லிஃப்ட் மாட்டிக்கிட்டாலும் இவருக்குத்தான் அழைப்பு, அதனால அடுப்புல எதுவும் பாதி வெந்து பாதி கருகித்தான் வருது. டெய்லர் அம்மா மத்தியானம் மாடி ஏறி வந்து, உயிரோட இருக்கேனான்னு பார்த்துட்டுப் போறாங்க.

வாண்டைப் பத்தி உனக்குச் சொல்லாம விட்டதெல்லாம் இப்பத்தான் ஞாபகம் வருது. தூங்கறப்போ காதுகிட்ட இருக்கற முடியைச் சுருட்டுவான், வலிக்கும், பொறுத்துக்கோ. பலூனைக் கண்டா பயம். என்ன சாப்பிடக் கொடுத்தாலும் முதல் வாய் நமக்கு ஊட்டுவான், எச்சில் பண்ணியாவது ஊட்டுவான். வாங்கிக்காம விட்டா அவனும் சாப்பிட மாட்டான்.

அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலைல அவன் கிளம்பறப்போ நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். நீ முன்னாடியே போன்ல சொன்னபடிதான். அவன் வந்து என் கன்னத்துல தட்டினான். நான் அசையல. அப்புறம் கையில வெச்சிருந்த பாதி பிஸ்கட்டை என் வாய்கிட்ட கொண்டுவந்து அழுத்தினான். நான் வாயைத் திறக்கல. இவர் தூக்கிட்டுப் போயிட்டார். பிஸ்கட் தலையணையில கிடந்தது. நான் அதை வாங்கிக்கிட்டிருக்கணும்னு தினமும் தோணுது. ஒரு வாய்தானே, வாங்கிக்கிட்டா என்ன ஆகியிருக்கும்?

விதியை மீற மாட்டேன், பயப்படாதே. நீ நாற்பது பிள்ளைங்களைப் பார்க்கறவ, நான் ஒண்ணை வெச்சுக்கிட்டுத் திண்டாடறவ. உனக்குத் தெரியாததா. எழுதிக்கிட்டே இரு, அது போதும்.

உன் குட்டி

ஏப்ரல் 3

செல்லக் குட்டிக்கு,

உன் பிள்ளை இப்போ எங்க நர்சரில பெரிய ஆள். அவன் வயசுக்கு எங்ககிட்ட வகுப்பே கிடையாது, ஆனா அவனை வீட்டுல விட்டுட்டு வர முடியுமா? பச்சை ஏப்ரன் ஒண்ணு முழங்காலுக்குக் கீழ தொங்கத் தொங்க மாட்டிக்கிட்டு என் வகுப்புல உட்கார்ந்திருக்கான். மணி அடிக்கற உரிமையை ஆயாம்மாகிட்டேருந்து பிடுங்கிக்கிட்டான். யாராவது அம்மாங்க உள்ளே வந்தா, நான் சொல்லிக் கொடுத்த மாதிரி எழுந்து நின்னு "மானிங் ஆன்ட்டி"ங்கறான். சாயங்காலம் வந்தாலும் மானிங்தான். எல்லாரும் அவன் கன்னத்தைக் கிள்ளிட்டுப் போறாங்க, எனக்குத்தான் கோபம் வருது.

நீ சொன்ன முதல் வாய் சமாச்சாரம் நிஜம்தான். அத்தானுக்கும் எனக்கும் மாறி மாறி ஊட்டறான். அவன் வந்ததுலேருந்து நாங்க ரெண்டு பேரும் நாலு சுத்து பெருத்துட்டோம்.

இப்போ ராத்திரியெல்லாம் முழிச்சுக்கறது இல்ல. இப்பத்தான் கொஞ்சம் பழகி வரான், அதனால நாம அவசரப்பட வேணாம். உன் தையல் மாதிரின்னு வெச்சுக்கோயேன், நடுவுல பிரிச்சுப் பார்க்கக் கூடாது.

உள்ளே இருக்கற வாலு உதைக்குதா? எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 19

அன்பான அக்காவுக்கு,

உதைக்குதாவா! உள்ளே யாரோ வீடு மாத்தற மாதிரி இருக்கு. இருபத்தேழு வாரம் ஆயிடுச்சு. டாக்டரம்மா முதல் தடவையா சிரிச்சாங்க.

இந்த லெட்டரை இவர் கையில கொடுத்து அனுப்பறேன். கூடவே ஒரு கேஸட். திட்டாதே, முழுசாக் கேளு. போன்னா திடீர்னு குரல் வரும், திடீர்னு போயிடும், பிள்ளை மிரளுவான். கேஸட்டை நீ எப்போ வேணும்னாலும் போடலாம், நிறுத்தலாம். இவர் ஆபீஸ்லேருந்து டேப் ரெக்கார்டரைக் கடன் வாங்கிட்டு வந்தார். படுத்துக்கிட்டே பேசினதால மூச்சு வாங்கும். நடுவுல டெய்லர் மெஷின் சத்தமும் இவர் பாத்திரத்தை உருட்டற சத்தமும் இருக்கும், அது அவனுக்குப் பழகின சத்தம்தான். கதை ஒண்ணு சொல்லியிருக்கேன். அப்புறம் நாங்க தினமும் விளையாடறது: மூக்கு எங்கே, காது எங்கே, தொப்புள் எங்கே. ஒவ்வொண்ணும் கேட்டுட்டு அவன் தொடறதுக்கு இடைவெளி விட்டிருக்கேன். அந்த இடைவெளியில அழாம இருக்கறதுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

அவன் அழாத நேரமாப் பார்த்து ஒரு தடவை போடு. அவன் என்ன பண்ணினான்னு ஒண்ணு விடாம எழுது. இவர் தூரத்துலேருந்தே பார்த்துட்டு வரேன்னு சத்தியம் பண்ணியிருக்கார்.

உன் குட்டி

ஏப்ரல் 28

குட்டிக்கு,

மாப்பிள்ளை வந்தப்போ பிள்ளைங்க முற்றத்துல விளையாடிக்கிட்டு இருந்தாங்க. ஆபீஸ் ரூம் ஜன்னல் வழியா அரைமணி நேரம் பார்த்தார். நான் கொடுத்த காபியை ஆற வெச்சுட்டு அப்படியே போயிட்டார்.

கேஸட்டைப் போட்டேன். எப்படி எழுதறதுன்னு தெரியல. உன் குரல் கேட்டதும் அவன் ரொம்ப அழுதான், குட்டி. முன்னே மாதிரியே வாந்தி. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. அதனால அதை பீரோவுல எடுத்து வெச்சுட்டேன். உன் மேல தப்பு இல்ல, பெத்தவ மனசு கேட்காது, எனக்குத் தெரியாதா. ஆனா இனிமே வேணாம். உன் பிரசவம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் நேர்ல வந்து அள்ளிக்கிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

மே 10

அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்துது. என் அவசரத்துக்குப் பிள்ளையை ரெண்டு நாள் பட்டினி போட்டுட்டேன். இனி எதுவும் அனுப்ப மாட்டேன்.

ஒண்ணு கேட்கணும், கோவிச்சுக்காதே. இவர் அங்கேருந்து வந்ததுலேருந்து சரியாவே இல்ல. நானும் துருவித் துருவிக் கேட்டேன். நேத்துதான் வாயைத் திறந்தார். வாண்டு கீழே விழுந்து எழுந்து "அம்மா"ன்னு உன்கிட்ட ஓடினானாம். நீ தூக்கிக்கிட்டியாம். அவ்வளவுதான் சொன்னார், திரும்பிப் படுத்துட்டார்.

அடிபட்டா எல்லாப் பிள்ளையும் அம்மான்னுதான் கத்தும், எனக்குத் தெரியும். அதுதானே அக்கா? இல்ல உன்னையேதான் அப்படிக் கூப்பிடறானா? கூப்பிட்டா கொஞ்சம் திருத்தேன். என்னை ஞாபகம் வெச்சுக்கச் சொல்லல, அந்த ஒரு வார்த்தையை மட்டும் எனக்குன்னு எடுத்து வை.

குட்டி

மே 21

குட்டிக்கு,

இதுக்கா மனசைப் போட்டு உழப்பிக்கறே? எங்க வகுப்புல பாதிப் பேர் நாக்கு குழறி என்னை அம்மான்னுதான் கூப்பிடறாங்க. கூப்பிட்டுட்டு அவங்களே வெட்கப்பட்டுச் சிரிப்பாங்க. திருத்தறேன், நீ நிம்மதியா இரு. இப்போ முப்பத்திரண்டாவது வாரம், இந்த நேரத்துல கண்டதையும் நினைக்காதே.

இங்கே வெயில் கொளுத்துது. வாண்டுக்கு வேர்க்குரு. பவுடர் போட்டா ஓடறான்.

அக்கா

ஜூலை 8

அக்கா! அத்தான்!

பெண் குழந்தை. ரெண்டே முக்கால் கிலோ. நேத்து காலைல ஒன்பது மணிக்கு. போன வாரம் தையலைப் பிரிச்சாங்க, மகராசி அதுக்கு மேல ஆறு நாள்கூடக் காத்திருக்கல. வாண்டோட அதே நெத்தி. இவர் பார்த்துட்டு "அச்சு அசல்"னு சொல்லிட்டு வராந்தாவுல போய் அழுதார்.

நான் நடக்கறேன் அக்கா! ஆஸ்பத்திரி வராந்தாவோட அந்தக் கோடி வரைக்கும் போய்ட்டு வந்தேன். இனி எதுக்கும் படுக்க மாட்டேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறு மூணு பேரும் வரோம், நாலு பேராத் திரும்பறோம். அவனோட சட்டையெல்லாம் சின்னதாயிருக்கும், எதையும் தூக்கிப் போட்டுடாதே, எல்லாத்தையும் நான் பார்க்கணும். நீ பண்ணினதுக்கு நான் என்ன கைம்மாறு பண்ணப் போறேன்னு தெரியல. பாப்பாவை முதல்ல உன் மடியிலதான் போடப் போறேன்.

உன் குட்டி

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

பத்து நாளா இந்த லெட்டரை எழுதறேன், கிழிக்கறேன்.

அன்னிக்கு உன் வீட்டு வாசல்ல நடந்தது உனக்குத் தெரியும். நான் மண்டி போட்டுக் கையை விரிச்சேன். அவன் உன் காலுக்குப் பின்னாலேருந்து எட்டிப் பார்த்து, மரியாதையா, "மானிங் ஆன்ட்டி"ன்னான். மத்தியானம் மணி மூணு. யாரும் சிரிக்கல.

அதுக்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. பஸ்ல நாலு மணி நேரமும் பின் கண்ணாடியைப் பார்த்து "அம்மா, அம்மா"ன்னு கதறினான். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. கண்டக்டர் வந்து, "குழந்தை உங்களுதுதானா?"ன்னு கேட்டார். இவர்தான் பதில் சொன்னார். நான் பெத்த பிள்ளைக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டுது அக்கா.

இப்போ அழறது இல்ல. அழுதாக்கூடத் தேவலைன்னு இருக்கு. ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கான். "ஆன்ட்டி, தண்ணி"ன்னு கேட்டு வாங்கிக் குடிக்கறான். தட்டைத் தானே எடுத்து வைக்கறான். பாப்பா அழுதா, "பாப்பாவோட அம்மா எங்கே?"ன்னு என்னையே கேட்கறான். சாப்பிடறப்போ முதல் வாயை யாருக்கும் ஊட்டறது இல்ல. சாயங்காலமானா ஒரு வேலை பண்றான், அதோட அர்த்தம் எனக்குப் புரியல. செருப்பை மாட்டிக்கிட்டு, அவன் பையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, வாசக்கதவுகிட்ட போய் உட்கார்ந்துடறான். இருட்டற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேங்கறான்.

உன் மேல எனக்குக் கோபம் இருக்கா, நன்றி இருக்கான்னு எனக்கே பிடிபடல. கூப்பிட்டா திருத்தறேன்னு எழுதினியே, ஒரு தடவையாவது திருத்தினியா? விடு. இப்போ அதைப் பேசி என்ன.

நீ வரேன்னு டெய்லர் கடைக்கு ரெண்டு தடவை போன் பண்ணினியாம். வராதே. போனும் பண்ணாதே. அவன் என்கிட்ட பழகற வரைக்கும் உன் முகமும் குரலும் இங்கே வேணாம். நீ சொல்லிக் கொடுத்த விதிதான். எத்தனை மாசம் ஆனாலும் சரி. அது பலிக்காம நீ பார்த்ததில்லையே.

குட்டி

ஆகஸ்ட் 22

குட்டி,

நீ சொன்னபடி நான் பேசாம இருந்திருந்தா உன் மனசு கொஞ்சமாவது என் பக்கம் மிஞ்சியிருக்கும். ஆனா அந்த விதியை நீ என்னை நம்பிக் கையில எடுத்துக்கிட்டே. அதனால இதை எழுதித்தான் ஆகணும். படிச்சுட்டு என்னை என்ன வேணா சொல்லு.

எங்க நர்சரில அந்த விதி ரெண்டு வாரம்தான். ரெண்டே ரெண்டு வாரம். அதுக்கப்புறம் அம்மாவை உள்ளே கூப்பிட்டுப் பிள்ளையோட உட்கார வைப்போம். இல்லன்னா பிள்ளை அவளை விட்டுடும். இது புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கற முதல் பாடம். உனக்கு மட்டும் அதுல பாதியைத்தான் சொன்னேன். முதல்ல மறைக்கணும்னு நினைக்கல. ரெண்டு வாரம் முடிஞ்சப்போ, இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு நினைச்சேன். அப்புறம் நினைக்கறதையே நிறுத்திட்டேன்.

கேஸட் விஷயம். அவன் அழவே இல்ல. வாந்தியும் எடுக்கல. நான் எழுதினது அத்தனையும் பொய். உன் குரல் கேட்டதும் ஓடிப்போய் டேப் ரெக்கார்டர் முன்னால உட்கார்ந்துக்கிட்டான். மூக்கு எங்கேன்னு கேட்டே, மூக்கைத் தொட்டான். காது எங்கேன்னே, தொட்டான். தொப்புளுக்குச் சட்டையைத் தூக்கினான். கடைசியில "அம்மா எங்கே?"ன்னு கேட்டே. அவன் கையைத் தூக்கி டேப் ரெக்கார்டரைக் காட்டிச் சிரிச்சான். அப்படி ஒரு சிரிப்பு. எங்க வீட்டுல இருந்த அத்தனை நாளும் எனக்காக அவன் அப்படிச் சிரிச்சதில்ல. நான் எழுந்துபோய் அதை நிறுத்திட்டேன். "மறுபடி போடேன்"னார் அத்தான். பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். அன்னிலேருந்து ரெண்டு மாசம் அத்தான் என்னோட முகம் கொடுத்துப் பேசல. உனக்கு எழுதிடுன்னு மட்டும் தினமும் சொல்வார்.

அவன் என்னை அம்மான்னு கூப்பிட்டான். நான் ஒரு தடவைகூடத் திருத்தல. பதினாறு வருஷமா என் மடியில பிள்ளைங்க தூங்கியிருக்கு. எல்லாத்தையும் நாலு மணிக்கு யாராவது வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. நான் பெஞ்சையெல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு வெறுங்கையோட வீட்டுக்கு நடப்பேன். இவன் ஒருத்தன்தான் நாலு மணிக்கு என் விரலைப் பிடிச்சுக்கிட்டு என்கூட வந்தான். இதை நியாயம்னு சொல்லல. நடந்தது இதுதான்னு சொல்றேன்.

அந்தச் செருப்பு, பை. அதைப் படிச்சதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நர்சரில மூணே முக்காலுக்குப் பிள்ளைங்களுக்குச் செருப்பு மாட்டி, பையைக் கையில கொடுத்து வாசல்ல வரிசையா உட்கார வைப்போம். கூட்டிட்டுப் போறவங்க வர நேரம். அவன் உன் வீட்டை நர்சரின்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், குட்டி. உன்னை அங்கே இருக்கற ஒரு ஆன்ட்டின்னு. என்னைக்காவது ஒரு நாள் நாலு மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போவேன்னு நல்ல பிள்ளையாக் காத்துக்கிட்டு இருக்கான். இந்த நேரத்துல நீ என் முகத்தை முழுசா மறைச்சா அவன் உன்கிட்ட வந்துட மாட்டான். யாரையுமே நம்ப மாட்டான். ஒரு தடவை அவனுக்கு அம்மா காணாமப் போனா. ரெண்டாவது தடவையும் அதே நடக்க விடாதே.

நான் பிள்ளைங்களைப் பத்தி உனக்குச் சொல்ற கடைசி யோசனை இது. இதையாவது நம்பு. நான் வரணும்னு கேட்கல. அத்தானை வேணா அனுப்பறேன். எதுன்னாலும் நீ சொல்றபடி.

மன்னிப்புன்னு எழுத எனக்கு வாய் வரல.

அக்கா

செப்டம்பர் 9

வாண்டோட பெரியம்மாவுக்கு,

உன் லெட்டரை இவருக்குப் படிச்சுக் காட்டினேன். "டேப் ரெக்கார்டரைக் காட்டிச் சிரிச்சான்"கற இடத்துல அவர் எழுந்து வெளியே போயிட்டார். என்னால அழக்கூட முடியல. நாலு மாசமா நான் என் குரலே பிள்ளைக்கு ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பாப்பா பிறந்த பிறகும் அவகிட்ட சத்தமாப் பேசப் பயந்தேன். உனக்கு அது தெரியாது, தெரிஞ்சுக்கோ.

உன்னை மட்டும் சொல்லித் தப்பிச்சுக்கப் பார்க்கல. எனக்கும் ஒரு பங்கு இருக்கு. போன் வேணாம்னு நீ சொன்னப்போ மனசோட ஒரு மூலையில அப்பாடான்னு இருந்தது. அவன் அழறதைக் கேட்டா வயித்துல இருக்கறதும் போயிடுமோன்னு பயம். ரெண்டு பிள்ளையில எதைக் காப்பாத்தறதுன்னு யாரும் என்கிட்ட கேட்கல, ஆனா நான் தேர்ந்தெடுத்துட்டேன். நீ கேட்காமலே எனக்காக அந்த வேலையைச் செஞ்சே, நானும் கண்ணை மூடிக்கிட்டேன். எத்தனை வாரத்துக்கு இந்த விதின்னு ஒரே ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கல.

செருப்பு விஷயம் நீ எழுதினது நிஜம்தான். போன வாரம் ஒரு காரியம் பண்ணினேன். மூணே முக்காலுக்கு அவன் பையோட உட்கார்ந்ததும், பாப்பாவை டெய்லர் அம்மாகிட்ட கொடுத்துட்டு நான் கீழே இறங்கித் தெருமுனை வரைக்கும் போனேன். நாலு மணிக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டினேன். இதுக்காகவே லீவு போட்டு வீட்டுல இருந்த இவர் திறந்தார். "வாண்டு, வீட்டுக்குப் போலாமா? நான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்"னேன். அவன் எழுந்து நின்னு என் தோளுக்குப் பின்னால எட்டிப் பார்த்தான். வேற யாராவது வராங்களான்னு. யாரும் வரலன்னு தெரிஞ்சதும் மறுபடி உட்கார்ந்துட்டான். நாலு நாள் இப்படியே. அஞ்சாம் நாள் பின்னால பார்த்துட்டு, என் விரலைப் பிடிச்சான். ரெண்டு பேரும் தெருவைச் சுத்தி நடந்து இதே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம், "அம்மா எங்கே?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தான். என்னையா தேடினான், உன்னையா தேடினான்னு எனக்குத் தெரியல. கேட்டவனுக்கும் தெரியாதுன்னு நினைக்கறேன்.

அவனுக்கு நீ வேணும். நாள் பூரா யோசிச்சு இந்த ஒரு வரியை எழுதறேன். ஒளிஞ்சு விளையாடற மாதிரி ஆளுங்க காணாமப் போயிக்கிட்டே இருந்தா பிள்ளை என்னதான் பண்ணுவான். அதனால வா. மாசத்துல ரெண்டு ஞாயிறு, காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும். கிளம்பறப்போ அவன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பு, தூங்க வெச்சுட்டுப் போகாதே, அழுதா அழட்டும். அவன் அம்மான்னு கூப்பிட்டா பெரியம்மான்னு சொல்லு. அன்பா, ஒவ்வொரு தடவையும். அத்தானையும் கூட்டிட்டு வா, அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

பஸ் ஸ்டாண்டுக்கு இவர் வருவார். சாப்பாடு செஞ்சு மூடி வெச்சிருப்பேன். ஆனா நான் இருக்க மாட்டேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு டெய்லர் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், நீங்க பஸ் ஏறின பிறகுதான் மேலே வருவேன். உன் மேல கோபம்னு நினைச்சுக்கோ, அது பொய்யும் இல்ல. ஆனா உண்மைக் காரணம் வேற. நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நின்னா அவன் யார்கிட்ட ஓடுவான்னு எனக்குத் தெரியும். அதை நின்னு பார்க்கற தைரியம் எனக்கு இன்னும் வரல. வந்ததும் நானே எழுதறேன்.

வாண்டோட அம்மா